சிஸ்டம்ரெஸ்க்யூ: அப்டேட்டில் படுத்த நாஸை எழுப்ப ஒரு பென் டிரைவ்

அப்டேட் போட்டு ரீபூட் கொடுத்த நாஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்துத் தரும் பெட்டி) திரும்ப எழவில்லை என்றால், எல்லோருக்கும் முதலில் பயம் வருவது தரவு டிஸ்க்குகளை நினைத்துத்தான். பெரும்பாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டிருப்பது பூட் டிஸ்க். சிஸ்டத்தின் மையமான கெர்னல் பாதியில் நின்றிருக்கும், அல்லது கெர்னல் கோப்புகள் இருக்கும் /பூட் நிரம்பியிருக்கும், அல்லது கெர்னலைக் கிளப்பும் பூட் லோடரான க்ரப் மாறாமல் பழையபடியே கிடக்கும். இந்த மாதிரி வேலைக்கென்றே இருக்கும் இலவச லைவ் லினக்ஸ்தான் (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுவது) சிஸ்டம்ரெஸ்க்யூ. முன்பு ஜென்டூவை அடிப்படையாகக் கொண்டிருந்தது. 2019-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து ஆர்ச் லினக்ஸ். இந்த மாற்றத்தால் ஒரு நல்லதும் ஒரு தலைவலியும் உண்டு. இரண்டையும் கீழே சொல்கிறேன்.

உங்கள் நாஸ் இன்டெல் அல்லது ஏஎம்டி 64-பிட் பெட்டியாக இருந்து, அதில் ஓப்பன்மீடியாவால்ட் போன்ற டெபியன் வழி சிஸ்டம் ஓடினால், தரவு எம்டி ரெய்டு, எல்விஎம், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இவற்றில் இருந்தால், இதைவிட நல்ல மீட்புக் கருவி கிடைப்பது கடினம். இசட்எஃப்எஸ், ஆர்ம் போர்டு என்றால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பென் டிரைவைத் தேடும் முன் ஒரு சோதனை. கணினியைக் கிளப்பும் ஃபர்ம்வேர் பழைய பயாஸ் முறை என்றால் ஆன் செய்ததும் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், புதிய யூஇஎஃப்ஐ முறை என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். க்ரப் மெனு வந்தால் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது எழுந்துவிட்டால் மீட்பு டிரைவே தேவையில்லை; உள்ளிருந்தபடியே பழுதைச் சரிசெய்யலாம்.

மெனுவே வரவில்லை, அல்லது பழைய கெர்னலும் எழவில்லை என்றால்தான் சிஸ்டம்ரெஸ்க்யூவின் முறை. ஐஎஸ்ஓ சுமார் 1 ஜிபி. ரூஃபஸ், டிடி எதை வைத்து எழுதினாலும் சரி. செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் டிரைவ் கிளம்பாது. இன்னொன்று: நாஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டதா, பயாஸ் முறையிலா என்று பார்த்து, டிரைவையும் அதே முறையில் கிளப்ப வேண்டும். பயாஸ் முறையில் கிளம்பிவிட்டு யூஇஎஃப்ஐ க்ரப்பைப் பதிய முயன்றால், ஃபர்ம்வேரின் பூட் பட்டியலில் எழுத வழியே இருக்காது.

பூட் மெனுவில் எல்லோரும் முதல் வரியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழே இருக்கும் ‘ஃபைண்ட்ரூட்’ வரியைக் கவனியுங்கள். அது டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் லினக்ஸைத் தேடி, டிரைவில் உள்ள கெர்னலைக் கொண்டு அதைக் கிளப்பும். க்ரப் மட்டும் கெட்டிருந்தால் இந்த ஒரே தேர்வில் நாஸ் தன் சொந்த சிஸ்டத்துடன் எழுந்து நிற்கும். பிறகு க்ரப்பை மறுபடி நிறுவிவிட்டு வெளியே வரலாம். ரூட் பார்ட்டிஷன் சாதாரணமாக இருக்கும் பெட்டிகளில் முதலில் இதையே முயலுங்கள்.

அது ஒத்துவராவிட்டால் சாதாரண பூட். இதற்கு இரண்டு தேர்வுகள் தெரிந்திருக்க வேண்டும். ‘காப்பிடூராம்’ முழு சிஸ்டத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிடும். யூஎஸ்பி போர்ட் குறைவான பெட்டியில் டிரைவைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைச் செருகலாம். 4 ஜிபி ராம் இருந்தால் கவலையில்லை. ‘நோஎம்டிஎல்விஎம்’ ரெய்டையும் எல்விஎம்மையும் தானாகக் கிளப்பாமல் விடும். ரெய்டிலும் சந்தேகம் இருந்தால் இது இல்லாமல் பூட் செய்யாதீர்கள்.

உள்ளே வந்ததும் கடவுச்சொல் இல்லாமலே ரூட் ஷெல் கிடைக்கும். முதல் கட்டளை எல்எஸ்பிஎல்கே, எஃப் தேர்வுடன். எந்த டிஸ்க்கில் எந்த ஃபைல் சிஸ்டம், என்ன யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) என்பதெல்லாம் ஒரே திரையில் தெரியும். அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நாஸில் இருந்தபடியே இங்கும் இருக்கும் என்று நம்பக் கூடாது. அடுத்தது டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல். பூட் டிஸ்க்கின் 5, 197, 198 ஆகிய எண்களில் பூஜ்யத்தைத் தாண்டிய மதிப்பு இருந்தால் பழியை அப்டேட் மேல் போட வேண்டாம். சாகக் கிடந்த டிஸ்க்கில் அப்டேட் எழுதப் போனதுதான் நடந்திருக்கிறது. அப்படியானால் பழுதுபார்க்கும் வேலையை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்குப் படியெடுங்கள். முதல் சுற்றில் ‘-n’ தேர்வு, இரண்டாவதில் ‘-r3’, இரண்டுக்கும் எதுவரை படித்தது என்பதைக் குறித்துவைக்கும் ஒரே மேப் கோப்பு. அந்தக் கோப்பு இல்லாமல் ஓடவிட்டால் நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

டிஸ்க் நலமாக இருந்தால் சிஎச்ரூட், அதாவது மீட்பு டிரைவில் இருந்தபடியே நாஸின் சொந்த சிஸ்டத்துக்குள் நுழைவது. ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி-யில் மவுன்ட் செய்து, தனி /பூட் இருந்தால் அதையும், யூஇஎஃப்ஐ என்றால் /பூட்/இஎஃப்ஐ-யையும் அந்தந்த இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். தனி /பூட்டை மவுன்ட் செய்யாமல் உள்ளே போய்ப் புதிய இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை மவுன்ட் செய்யும் முன் கெர்னலுக்குத் தேவையான தொடக்கக் கோப்பு) கட்டினால், கோப்பு ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெற்று /பூட் அடைவில் போய் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது, எல்லாம் சரியாக முடிந்ததாகவே காட்டும். ரீபூட்டில் உண்மையான /பூட் மேலே வந்து அதை மறைத்துவிடும்; பழைய பழுது அப்படியே இருக்கும். பிறகு டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் ஆர்பைண்ட் முறையில் இணைத்துவிட்டு சிஎச்ரூட் கொடுங்கள்.

இப்போது அந்தத் தலைவலி. டெபியனுக்குள் நுழைந்து அப்டேட்-க்ரப் என்று அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். க்ரப் அழிந்துவிட்டது என்று எண்ணிப் பதறத் தேவையில்லை. ஆர்ச்சில் நிர்வாகக் கட்டளைகள் எல்லாம் /யூஎஸ்ஆர்/பின்-இல் இருக்கும். டெபியனில் அவை /யூஎஸ்ஆர்/எஸ்பின்-இல். சிஎச்ரூட்டுக்குள் ஆர்ச்சின் பாத் மாறியே (கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்ற பட்டியல்) உங்களோடு வந்துவிடுவதால் அந்த அடைவை ஷெல் தேடுவதே இல்லை. பாத்தில் எஸ்பின் அடைவுகளைச் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாக் கட்டளையும் திரும்ப வந்துவிடும். இத்தனை பேர் தடுக்கி விழும் இடத்துக்கு சிஸ்டம்ரெஸ்க்யூவே ஒரு வரி எச்சரிக்கை காட்டியிருக்கலாம்.

உள்ளே வந்ததும் என்ன நடந்தது என்பதை /வார்/லாக்/ஏபிடி-யில் உள்ள டெர்ம் லாக் சொல்லும். அப்டேட் எந்த வரியில் நின்றதோ அதுதான் நோய். பெரும்பாலும் அங்கே ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்றிருக்கும். தனி /பூட் வைத்த பெட்டிகளில் இது மாமூல். இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒவ்வொன்றும் பல பத்து எம்பி. தவிர, புதியதைக் கட்டும்போது பழையதன் மேல் எழுதாமல், பக்கத்தில் ‘நியூ’ என்ற வாலுடன் தனியாக எழுதிவிட்டுத்தான் பெயர் மாற்றும். ஆகவே கெர்னல்களுக்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, கூடுதலாக ஒன்றுக்கும் இடம் வேண்டும். 256 எம்பி /பூட்டில் மூன்றாவது கெர்னல் வரும்போதே நெருக்கடி. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் கெர்னல் மட்டும் பதிவாகிவிட்டால், திரையில் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, ‘அன்நோன்-பிளாக்(0,0)’ என்று கெர்னல் பேனிக் வரும். அந்த இரண்டு பூஜ்யத்தைப் பார்த்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் இனிட்ராம்எஃப்எஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

வைத்தியம்: முதலில் பழைய கெர்னல் பேக்கேஜ் ஒன்றை ஏபிடி பர்ஜ் கொடுத்து நீக்குங்கள். ஆர்எம் கொடுத்து கோப்பை மட்டும் அழித்தால் பேக்கேஜ் இன்னும் இருப்பதாகவே டெபியனின் பேக்கேஜ் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜி நினைத்துக்கொண்டு, அடுத்த அப்டேட்டில் அதற்கும் இனிட்ராம்எஃப்எஸ் கட்டி மறுபடி இடத்தை நிரப்பும். டிபிகேஜி குழம்பிப் போயிருந்து பர்ஜ் செய்ய மறுத்தால், பாதியில் நின்ற ‘நியூ’ கோப்பை மட்டும் கையால் நீக்கி இடம் உண்டாக்குங்கள். பிறகு டிபிகேஜி கன்ஃபிகர், ஏ தேர்வுடன், அடுத்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் எல்லாக் கெர்னலுக்கும், கடைசியில் அப்டேட்-க்ரப். வேலை செய்யும் கெர்னல் எது என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் பர்ஜ் செய்யாதீர்கள்.

கெர்னல் வரைக்கும் போகாமல் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரியில் நின்று, ஏதோ ஒரு சிம்பல் கிடைக்கவில்லை என்று சொன்னால் நோய் வேறு. க்ரப்புக்கு இரண்டு பாகம்: டிஸ்க்கின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோர் இமேஜ் ஒன்று, /பூட்/க்ரப்-இல் இருக்கும் மாட்யூல்கள் மற்றொன்று. எந்த டிஸ்க்கில் பதிய வேண்டும் என்பதை டெபியன் நிறுவும்போதே நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு எஸ்எஸ்டியை மாற்றிக் குளோன் செய்திருந்தால் அந்த நினைவு பழைய டிஸ்க்கையே காட்டும். அப்டேட் வரும்போது மாட்யூல்கள் புதிதாகும், கோர் இமேஜ் பழையபடியே கிடக்கும், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது. 2020-இல் பூட்ஹோல் பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது பல பெட்டிகள் ‘க்ரப்_கேலாக்’ சிம்பல் இல்லை என்று நின்றது இதனால்தான். சரியான டிஸ்க்குக்கு க்ரப்-இன்ஸ்டால் கொடுப்பது பாதி வேலை. டிபிகேஜி-ரீகன்ஃபிகர் க்ரப்-பிசி கொடுத்து, பட்டியலில் ஸ்பேஸ் தட்டி டிஸ்க்கை நட்சத்திரமிட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் மீதியும் முடியும். என்டரை மட்டும் தட்டினால் எதுவும் தேர்வாகாது. அடுத்த க்ரப் அப்டேட்டில் இதே கதைதான்.

எஃப்எஸ்டாப் (பூட்டில் எந்த டிஸ்க்குகளை மவுன்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) பழுது எளிது. 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் விழுந்து, ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொன்னால், காணாமல் போன ஒரு யூயூஐடி காரணம். அந்த வரியில் ‘நோஃபெயில்’ சேருங்கள் அல்லது வரியைக் கமென்ட் செய்யுங்கள். ஓப்பன்மீடியாவால்ட் தன் குறிகளுக்கு இடையே தானாக எழுதும் வரிகளைக் கையால் மாற்றினால் அது நிலைக்காது. எழுந்த பிறகு வெப் பக்கத்திலிருந்து மாற்ற வேண்டும்.

இத்தனை வேலையிலும் தரவு டிஸ்க்குகளைத் தொடத் தேவையே இல்லை. முடிந்தால் அவற்றின் கேபிளைக் கழற்றிவைத்துவிட்டே பூட் டிஸ்க்கைச் சரிசெய்யுங்கள். தரவு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்றால், ரெய்டைக் கையாளும் எம்டிஆட்மின் அசெம்பிள் ஸ்கேனை ரீட்-ஒன்லி தேர்வுடன் கொடுத்து, ப்ராக்-இல் உள்ள எம்டிஸ்டாட்டைப் பாருங்கள். எம்டி0 என்று இருந்தது எம்டி127 ஆகத் தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை; எம்டிஆட்ம் கன்ஃபிகில் உள்ள பெயர் கிடைக்காததால் தானாக வைத்த எண் அது. மவுன்ட் செய்யும்போது எக்ஸ்ட்4-க்கு ஆர்ஓவுடன் நோலோட், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ஆர்ஓவுடன் நோரெகவரி. ஆர்ஓ மட்டும் கொடுத்தால் ஜர்னலை ஓட்டும்போது டிஸ்க்கில் எழுதிவிடும். அர்ரே (ரெய்டுத் தொகுப்பு) கூடவில்லை என்றால் எக்ஸாமின் கொடுத்து ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணையும் ஒப்பிடுங்கள். இணையத்தில் யாராவது எம்டிஆட்ம் கிரியேட் கொடுக்கச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மானிட்டர் இணைக்க வழியில்லாத பெட்டியில் எஸ்எஸ்எச் வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உள்வரும் இணைப்புகளை ஃபயர்வால் மறித்துவிடும். பாதுகாப்புக்கு நல்லதுதான், தெரியாதவர்கள் நெட்வொர்க் கார்டைச் சந்தேகித்து அரை நாளை வீணாக்குவார்கள். டிரைவில் ‘சிஸ்ரெஸ்க்யூ.டி’ அடைவில் ஒரு யாமல் கோப்பில் ‘நோஃபயர்வால்’, ‘ரூட்பாஸ்’ இரண்டையும் முன்பே எழுதி வைத்துவிட்டால், ஆன் செய்து ரூட்டரில் ஐபியைப் பார்த்து உள்ளே நுழையலாம். ஆர்ச்சுக்கு மாறியதன் நன்மை இங்கேதான் தெரிகிறது: புதிய லான் சிப்களும் என்விஎம்இ-களும் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் அடையாளம் காணப்படுகின்றன.

குறைகளுக்கு வருவோம். அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவில் இசட்எஃப்எஸ் இல்லை; அதற்கு உபுண்டு டெஸ்க்டாப் லைவ் எடுங்கள். ட்ரூநாஸ் என்றால் அதுவும் தேவைப்படாது, பூட் மெனுவில் அப்டேட்டுக்கு முந்தைய பூட் என்விரான்மென்ட்டைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் போதும். ராஸ்பெரி பை போன்றவற்றின் கார்டைப் பிடுங்கி வேறு கணினியில் செருகி எஃப்எஸ்டாப்பைத் திருத்தலாம், ஆனால் ஆர்ம் சிஸ்டத்துக்குள் நேரடியாக சிஎச்ரூட் செய்ய முடியாது. சினாலஜியின் டிஸ்க்குகள் எம்டியும் எல்விஎம்மும்தான் என்றாலும், அதன் பிடிஆர்எஃப்எஸ் வால்யூம்களைப் புதிய கெர்னல்கள் சில நேரம் மவுன்ட் செய்ய மறுக்கின்றன. அங்கே பழைய உபுண்டு பதிப்புதான் கைகொடுக்கும். க்ரப்பை மறுபடி பதிவது ஒன்றுதான் வேலை என்றால் டெபியன் இன்ஸ்டாலரின் ரெஸ்க்யூ மோடே சிஸ்டம்ரெஸ்க்யூவை விட வசதி. ரூட்டை அதுவே மவுன்ட் செய்துகொடுக்கும், பாத் சிக்கலும் கிடையாது.

எல்லாம் சரிசெய்து ரீபூட் கொடுத்த பிறகும் வெப் பக்கம் திறக்கவில்லை என்றால், மறுபடி டிரைவைச் செருகாதீர்கள். மானிட்டரில் லாகின் வரி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் நாஸ் எழுந்துவிட்டது, பெரும்பாலும் லான் கார்டின் பெயர்தான் மாறியிருக்கும். புதிய கெர்னலிலோ, புதிதாகச் செருகிய என்விஎம்இ-யாலோ இஎன்பி3எஸ்0 என்பது இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கலாம். ஐபி லிங்க் கொடுத்துப் பெயரைப் பார்த்துக்கொண்டு, ஓப்பன்மீடியாவால்ட்டில் ஓஎம்வி-ஃபர்ஸ்ட்எய்டு திறந்து நெட்வொர்க் இன்டர்ஃபேஸை மறுபடி அமையுங்கள். சிஎச்ரூட்டுக்குள்ளிருந்து இதைச் செய்ய முயல வேண்டாம்; அங்கே ஓஎம்வியின் சர்வீஸ்கள் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது.