இலவசப் படிவத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய்: திருச்சி டிராவல்ஸ் கடை ஒன்றின் சேவை பற்றி

தைப்பூசத்துக்கு மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அங்கே கிள்ளானில் சித்தப்பா வீடு இருக்கிறது, திருச்சியிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களிடம் மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா கேட்பதில்லை (2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள்). இந்த ஜனவரி கடைசியில் அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். அப்படியே சிங்கப்பூரையும் பார்த்துவிட்டு அங்கிருந்து ஊர் திரும்புவதாகத் திட்டம். டிக்கெட், சிங்கப்பூர் விசா, மலேசியாவுக்கு ஏதோ ஆன்லைன் ஃபார்ம், எல்லாவற்றையும் ஒரே கடையில் கொடுத்துவிட்டேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, எனக்கு நடந்தது எங்கேயும் நடக்கலாம்.

பில்லில் 'மலேசியா என்ட்ரி சார்ஜ்' என்று ஆளுக்கு 500 ரூபாய் போட்டிருந்தார்கள். அரசாங்கக் கட்டணம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அது மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை, எம்டிஏசி என்பார்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. மலேசியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், வரும் தேதி, போகும் தேதி, விமான எண், தங்கும் முகவரி போன்ற விவரங்களைத்தான் கேட்கிறார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வேலைக்குக் கூலி வாங்குவதைத் தப்பென்று சொல்லவில்லை, கூலி என்றே எழுதி வாங்கியிருக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை தேதி. எங்கள் விமானம் வியாழன் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கிளம்பி வெள்ளி காலையில் கோலாலம்பூரில் இறங்குகிறது. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, பயணம் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், ஆக அங்கே இறங்கும்போது தேதி மாறியிருக்கும். கடைக்காரர்கள் டிக்கெட்டில் இருந்த வியாழக்கிழமைத் தேதியை வருகைத் தேதியாகப் போட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும்! போர்டிங் பாஸ் வாங்கப் போன இடத்தில் விமான நிறுவனப் பெண் ஒருவர்தான் பிரிண்டைப் பார்த்துவிட்டு, "தேதி தப்பா இருக்கே சார், புதுசா போட்டுட்டு வாங்க" என்றார். கடைக்குப் போன் அடித்தால் அந்நேரத்தில் யார் எடுப்பார்கள்? அம்மாவையும் அத்தையையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு போனிலேயே மூன்றையும் புதிதாக நிரப்பினேன். அரை மணி நேரம் ஆனது. அம்மா அந்த அரை மணி நேரமும் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

நிரப்பும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பழைய படிவத்தில் மின்னஞ்சல் முகவரி, கைப்பேசி எண் இரண்டுமே கடையினுடையவை. எங்களுக்கு வர வேண்டிய உறுதிக் கடிதம் கடைக்குத்தான் போயிருக்கிறது. சிங்கப்பூருக்கும் இதே மாதிரி ஒரு வருகை அட்டை உண்டு, அதிலும் இப்படிச் செய்திருந்தால் இன்னும் சிக்கல். அங்கே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்லும் இ-பாஸ் மின்னஞ்சலில் வருகிறது. அந்தக் கடிதம் திருச்சியில் யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் கிடந்தால் நாம் எந்தத் தேதிக்குள் வெளியே வர வேண்டும் என்பது நமக்கு எப்படித் தெரியும்? யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் உங்களுடையதையே எல்லாருக்கும் போடுங்கள்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்குக் கணவர் பெயர், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. அத்தைக்குக் காலி. டிக்கெட்டில் ஒரு மாதிரி, படிவத்தில் ஒரு மாதிரி எழுதினால் சந்தேகம் வரத்தான் செய்யும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அம்பு முனை மாதிரி நிறைய '<' குறிகளோடு, இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட் போடும்போதே அதில் உள்ள எழுத்துகளைப் பார்த்துப் போட வேண்டும். 'செல்வி' என்பதை நாமே 'ஐ' போட்டும் 'ஒய்' போட்டும் எழுதுவோம், இயந்திரத்துக்கு அவை இரண்டு ஆட்கள்.

எம்டிஏசியிலும் சிங்கப்பூர் அட்டையிலும் முழுப் பெயருக்கு ஒரே கட்டம்தான், அது பெரிய நிம்மதி. மலாய்க்காரர்களுக்கும் குடும்பப் பெயர் இல்லை, அங்குள்ள தமிழர்களும் பெயருக்குப் பின்னால் இன்னார் மகன், மகள் என்றுதான் எழுதுகிறார்கள், அதனால் நம் சங்கடம் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். எல்லா ஊரிலும் இப்படி இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். துபாய் போகும் எண்ணம் இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் விசாவை அருமையாக முடித்துக் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து அந்த விசாவுக்கு நாமே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான் போக வேண்டும். அம்மாவின் புகைப்படம் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி எடுக்கச் சொன்னதுகூட நல்லதற்குத்தான். விசா ஒரே தடவையில் கிடைத்தது.

விசா கையில் இருந்தாலும் சிங்கப்பூருக்கும் வருகை அட்டை தனியாக நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். ஞாயிறு போகிறீர்கள் என்றால் வெள்ளியிலிருந்து நிரப்பலாம். இதுவும் இலவசம், குடும்பத்துக்கே ஒன்றாகப் போடவும் வசதி உண்டு, சித்தப்பா வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே முடித்துவிட்டேன். பஸ்ஸில் போனாலும் இது கட்டாயம். எல்லைச் சோதனைக்காக மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் ஒருமுறை, சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும் என்பதால் பெரியவர்களோடு போகிறவர்கள் சாமான்களைக் குறைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர் போய்விட்டு மறுபடி கோலாலம்பூர் வழியாகத் திரும்புகிறவர்கள் எம்டிஏசியை இன்னொரு முறை நிரப்ப வேண்டும், பழையது செல்லாது.

இந்த அட்டைகள் எதுவும் விசா இல்லை. கோலாலம்பூரில் அதிகாரி அத்தையிடம் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் கேட்டார். சித்தப்பாவின் முகவரியைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்து வைத்திருந்தேன், அது உதவியது. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

அப்புறம் போலித் தளங்கள். கூகுளில் தேடினால் அசல் தளம் மாதிரியே இருக்கும், கடைசியில் கார்டு எண் கேட்கும். மலேசியத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்றும், சிங்கப்பூருடையது 'ஜிஓவி டாட் எஸ்ஜி' என்றும் முடியும். பணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள்.

டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன், படிவத்துக்குப் போக மாட்டேன். ஊர் திரும்பியதும் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். உரிமையாளர் மூன்று பேருக்கான 1500 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார், பில்லில் இனி 'சேவைக் கட்டணம்' என்று போடுவதாகவும் சொன்னார். அக்கா குடும்பம் அடுத்து பாங்காக் போகிறது. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே மாதிரி டிஜிட்டல் வருகை அட்டை கேட்கிறது, அதுவும் இலவசம். நாலு பேருக்கும் நானே நிரப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பாஸ்போர்ட்டின் அந்த அடி இரண்டு வரி தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் காத்திருக்கிறேன்.