படுத்து எழுந்தால் என்ன கழியும்?

ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆர்பிஜி வீடியோ விளையாட்டில் ஒரு கட்டிலைக் கண்டால் எனக்கு முதலில் எழுவது வணிகர் கேள்விதான்: இதில் படுத்து எழுந்தால் என் கையிலிருந்து என்ன போகும்?

ஸ்கைரிமில் (2011) ஏறக்குறைய எதுவும் போகாது. நின்ற இடத்திலேயே சில மணி நேரம் காத்திருந்தாலும் காயம் ஆறிவிடும். சொந்தக் கட்டிலிலோ வாடகைக் கட்டிலிலோ உறங்கினால், விளையாட்டு நேரப்படி 8 மணி நேரத்துக்குத் திறன்கள் 10 சதவீதம் வேகமாக வளரும். இனாம் என்பதால் பல நாள் கட்டில் பக்கமே போகாமல் ஆடியிருக்கிறேன்.

1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கும் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018) நேர் எதிர். அங்கே நாம் ஆடும் நாயகன் ஹென்றிக்குத் தூக்கம் கெட்டால் கண் இருண்டு வரும். நினைத்த நேரத்தில் ஆட்டத்தைச் சேமிக்க விலை கூடிய ஒரு சாராயம் வேண்டும். குடித்தால் போதையும் ஏறும். வாடகைக் கட்டிலில் படுத்தாலோ ஆட்டம் தானாகச் சேமிக்கப்படும். இருட்டில் காட்டுவழி வந்து சத்திரத்து விளக்கைக் கண்டதும் வருகிற நிம்மதியை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை.

டார்க் சோல்ஸில் (2011) பேரம் வெளிப்படையானது. தீமூட்டத்தின் அருகே அமர்ந்தால் காயம் ஆற்றும் மருந்தான எஸ்டஸ் குடுவை நிரம்பும், காயம் ஆறும். ஆனால் கூடவே, அன்டெட் பர்க் என்ற பகுதியில் அரை மணி நேரம் போராடிச் சாய்த்த, தீக்குண்டு எறிகிறவர்களும் உயிரோடு எழுந்து நிற்பார்கள். உட்காருவதா, பாதிக் குடுவையோடு இன்னும் நாலடி போவதா? அந்த ஒரு நொடித் தயக்கத்துக்காகவே இதை முதலிடத்தில் வைப்பேன்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) காட்டும் விலைச்சீட்டு மட்டும் பொய். ஒரு முழு இரவு ஓய்வுக்கு 40 உணவுப் பொருள், டாக்டிஷியன் கடினநிலையில் 80. பீப்பாய்களையும் பெட்டிகளையும் துழாவுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூட்டை எப்போதும் பெருத்தே கிடக்கும். எரிகிற விடுதியைக் கண்டபின் படுக்கப் போனால் உள்ளே சிக்கியவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்பது போன்ற சில இடங்களில்தான் தூக்கம் உண்மையில் சுடும். மற்றபடி தண்டனை உறங்காதவர்களுக்குத்தான்: தோழர்களின் கதை முகாமில், இரவில்தான் விரிகிறது. கஞ்சத்தனமாக, முழு ஓய்வுகளுக்கு இடையே கிடைக்கும் குறும் ஓய்வு இரண்டையும் வைத்தே ஒப்பேற்றிய என் முதல் ஆட்டத்தில், தோழர்களில் ஒருவனான அஸ்டேரியன் ரத்தக்காட்டேரி என்பதே எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. அப்போது மூட்டையில் சோறு அழுகாமல் மலையாகக் கிடந்தது.