புயலுக்குப் பின் குடிநீர்: கொதிக்கவைப்பதா, குளோரின் போடுவதா?

'வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, தண்ணீருக்குக் கவலையில்லை' என்று கடலோர மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்பவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அந்த இயந்திரத்துக்கு மின்சாரமும் வேண்டும், குழாயில் அழுத்தமும் வேண்டும். புயல் முதலில் பறிப்பதே இந்த இரண்டையும்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அடிகுழாயும் வாடகை ஜெனரேட்டரும்தான் அப்போது கைகொடுத்தன. ஆகவே ஆர்.ஓ.வை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. கேன் தண்ணீரும் அப்படித்தான்: தெருவில் இடுப்பளவு வெள்ளம் நின்றால் வண்டி வராது, வந்தால் விலை நம் கையில் இல்லை.

புயலுக்கு முந்தைய நாள் பிடித்து வைக்கும் தண்ணீருக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்கு என்று கணக்கிட்டால் நால்வர் உள்ள வீட்டுக்கு 48 லிட்டர். இரண்டரை கேன்கூட இல்லை. இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். புழங்குவதற்கு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. வெள்ளம் சம்ப்பின் மூடி இடுக்கு வழியாகச் சாக்கடையோடு சேர்ந்து இறங்கும். மேலே உள்ள தொட்டிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் மோட்டாரைப் போட்டுவிட்டால் கீழே இருந்த அழுக்கு முழுவதும் மேலே ஏறிவிடும். சம்ப்பைத் திறந்து பார்க்காமல் மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள்.

சேமித்தது தீர்ந்த பிறகுதான் உண்மையான போட்டி. கொதிநீரின் பலம் அதன் எளிமை. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும்; பாக்டீரியா, வைரஸ் மட்டுமல்லாமல், குளோரினுக்கு அசைந்துகொடுக்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் சாகும். எரிவாயு வீணாகிறது என்ற புகார் கணக்குப் போட்டால் நிற்காது: 20 லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 200 கிராம் எரிவாயு போதும். விறகடுப்புக்காரர்கள் பாடுதான் கஷ்டம். லிட்டருக்கு ஒரு கிலோ விறகு என்பது பொதுவான கணக்கு. புயலுக்குப் பின் காய்ந்த விறகுக்கு எங்கே போவது?

கொதிநீரின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறிய பின் அதற்குக் காவல் இல்லை. யாரோ டம்ளரோடு விரலையும் சேர்த்து முக்கினால் பட்ட பாடெல்லாம் வீண். குளோரின் அந்தக் காவலாக உள்ளே தங்குகிறது. எனவே வாய் அகன்ற அண்டாவில் வைத்து மொண்டு குடிக்கும் வீடுகளுக்கு நான் குளோரினைத்தான் சொல்வேன். கைக்குழந்தையும் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியும் இருக்கும் வீட்டில் அவர்களுக்குரியதை மட்டும் கொதிக்கவைத்து, மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

குளோரின் மாத்திரையில் 0.5 கிராம் உள்ளது பொதுவாக 20 லிட்டருக்கானது. ஆனாலும் அட்டையில் இருப்பதைப் படித்துவிடுங்கள். தொட்டி அளவுக்கு பிளீச்சிங் பவுடர்தான் சிக்கனம். தெளிந்த நீர் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம், அதாவது அரை டீஸ்பூன் அளவு. அதை நேராகக் கொட்டாமல் ஒரு குவளையில் குழைத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஈரம் பட்டும் திறந்து கிடந்தும் அது பறந்துவிடும். போன வருடத்துப் பாக்கெட்டை நம்பினால் பெயருக்குத்தான் மருந்து. வாடை பிடிக்கவில்லை என்றால், அந்த ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, குடிக்கும் தண்ணீரைக் காபி ஆற்றுவதுபோல் இரண்டு சுத்தமான பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

கலங்கல் நீரில் குளோரின் பாதி வேலைதான் செய்யும், சேற்றிலேயே செலவாகிவிடும். அதனால் முதலில் தெளிவு. படிகாரமும் தேற்றான்கொட்டையும் சேற்றை அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது. பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டுவதும் வெறும் பாட்டி வைத்தியம் அல்ல: வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் அப்படி வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை ஓர் ஆய்வு 2003இல் காட்டியது. பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைக்கும் முறையை மழைக்காலத்தில் யோசிக்கவே வேண்டாம். ஆறு மணி நேர வெயிலுக்கு எங்கே போவது?

இரண்டு சமயங்களில் இருவருமே தோற்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் வந்தது. கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் எண்ணெய் போகாது. 2004 சுனாமிக்குப் பின் நாகையிலும் மட்டக்களப்பிலும் கிணறுகள் உப்பேறின. அங்கே ஆத்திரத்தில் கிணற்றை இறைத்துத் தள்ளுவதும் ஆபத்து. அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறி வரும். பெருமழை கழுவிவிடும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வெளியிலிருந்து வரும் லாரித் தண்ணீர்தான் வழி. குடத்தில் பிடித்ததும் குளோரின் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வரவில்லை என்றால் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.