வயர்லெஸ்ஹார்ட் வலையமைப்பு: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் ஆலையின் சேமிப்புத் தொட்டி வளாகத்திலிருந்து திரவ மட்டம், வெப்பநிலை, பம்புகளின் அதிர்வு ஆகிய அளவீடுகள் பல ஆண்டுகளாக வயர்லெஸ்ஹார்ட் வழியாகவே, அதாவது கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பியின்றித் தரவைக் கடத்தும் வலையமைப்பு வழியாகவே, கட்டுப்பாட்டு அறைக்கு வருகின்றன. 2010இல் ஐஇசி 62591 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறையை நாள்தோறும் பராமரிப்பவன் என்ற வகையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: சிக்னல் வலுவாக இருந்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை வினாடிக்கு ஒருமுறை பேச அனுமதிக்கிறோம் என்பதே வலையமைப்பின் நலனைத் தீர்மானிக்கிறது.

இங்கே நேரம் 10 மில்லிவினாடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, எந்தத் துண்டு யாருக்கு என்பது முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. ஓர் அளவீடு ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தாவ, முதல் முயற்சிக்கு ஒன்று, மறுமுயற்சிக்கு ஒன்று, மாற்றுப்பாதைக்கு ஒன்று என மூன்று துண்டுகள் வரை தேவைப்படலாம். ஆகவே இரண்டு தாவல் தொலைவிலுள்ள கருவியை வினாடிக்கு ஒருமுறை பேசவிட்டால், அது ஒவ்வொரு வினாடியும் ஆறு துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் மெல்ல மாறும் தொட்டி வெப்பநிலைக்கு இது வீண். நாங்கள் 60 வினாடி வைத்திருக்கிறோம், யாருக்கும் குறை தோன்றவில்லை. கேட்வேக்கு (கருவிகளின் தரவைத் திரட்டிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் மையக் கருவிக்கு) அருகிலுள்ள கருவிகள் மற்றவற்றின் தரவையும் சுமப்பதால் அவற்றின் பேட்டரிதான் முதலில் தீர்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பம்புகளின் அதிர்வை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களிடம்தான் மிகுந்த கவனம் தேவை. வழக்கமான ஒற்றை மதிப்பு சிறியது. ஆனால் பேரிங்கை ஆராய முழு அலைவடிவத்தைக் கேட்டால், 127 பைட்டுக்கு மேற்படாத சட்டகங்களாக (தரவுப் பொதிகளாக) அது துண்டுபட்டு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். எனவே இரண்டு பம்புகளின் அலைவடிவத்தை ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்று பராமரிப்புக் குழுவுடன் முடிவு செய்து, இரவு நேர அட்டவணையில் வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கண்காணிப்புக் கேமராக்களுக்கு வைஃபை நிறுவப்பட்டபோது, கேட்வே பக்கத்தில் சில இணைப்புகளின் நிலைத்தன்மைச் சதவீதம் (அனுப்பியவற்றில் வெற்றிகரமாகச் சேர்ந்தவற்றின் பங்கு) தெளிவாகச் சரிந்தது. ஒரு வைஃபை சானல் ஏறத்தாழ நான்கு வயர்லெஸ்ஹார்ட் சானல்களை மூடிவிடும். இருப்பினும், 15 சானல்களிடையே கருவிகள் மாறி மாறித் தாவுவதால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எந்த அளவீடும் விடுபடவில்லை. கேமராக்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சதவீதம் மீண்டது.

தானியங்கிக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, நீராவியால் சூடேற்றப்படும் தொட்டியின் வெப்பநிலை லூப் (அளவீட்டைப் பார்த்து வால்வைத் திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று) எட்டு வினாடி இடைவெளியில் நன்றாக இயங்குகிறது. புதிய மதிப்பு வராத இடைவெளியில் பிஐடி என்னும் கட்டுப்பாட்டுக் கணக்கீட்டில் பிழையைத் தொடர்ந்து கூட்டிச்செல்லும் தொகையீட்டுப் பகுதி தானாக ஏறிவிடாதபடி அமைத்ததே அதற்குக் காரணம். அவ்வாறு செய்யாவிட்டால் வால்வு தேவைக்கு மேல் திறந்துகொள்ளும். வேகமான ஓட்டம், அழுத்த லூப்புகளும் அவசர நிறுத்தமும் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் கம்பியிலேயே இருக்கின்றன. அவற்றை மாற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன். வளாக விரிவாக்கத்தில் சேரவுள்ள கருவிகளை இருக்கும் கேட்வேயிலேயே நெருக்காமல், அவற்றுக்கெனத் தனிக் கேட்வே வைக்கக் கோரியிருக்கிறோம்.