1937: ஒரு மார்ட்டின், ஒரு கிப்சன்

மார்ட்டின் கிட்டார்கள் பிறக்கும் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊர், நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அப்படியிருந்தும் மிச்சிகனின் கலமசூவில் செய்த கிப்சனை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வரும் நண்பர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின: மார்ட்டின் 00-18, கிப்சன் எல்-00. இரண்டுக்கும் முதுகும் பக்கமும் மகோகனி, மேற்பலகை ஸ்புரூஸ். இரண்டுமே மடியில் அடங்கும் அளவு. ஒலியில் மார்ட்டின் தெளிவு. கிப்சன் வறண்ட குரலில் வெடுக்கென்று பேசும். ரசனை அவரவர் பாடு.

வேலைப்பாட்டில் மார்ட்டினுக்கே முதலிடம். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்தேன். மார்ட்டினுக்குள் தாங்குசட்டங்கள் ஒரே சீராகச் செதுக்கப்பட்டிருந்தன. ஒரு சொட்டு வச்சிரப் பசைகூட வழிந்திருக்கவில்லை. கிப்சனுக்குள் வச்சிரம் வழிந்து மெழுகுபோல் உறைந்திருந்தது. ஒரு சட்டத்தின் முனையில் உளி வழுக்கிய தழும்பு. மாலைக்குள் இத்தனை முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி விரட்டியிருப்பார்போல. மார்ட்டினின் வரிசை எண்ணைப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடும். கிப்சனின் முத்திரை எண்ணோ குழப்பம். 1937 என்பது கடைக்காரர் சொன்ன கணக்கு.

பிறகு ஏன் கிப்சன்? கழுத்துக்காகத்தான்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் கழுத்தை இழுக்கின்றன. எண்பது ஆண்டு இழுத்தால் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, கழுத்தே வில்லாக வளைவது. மற்றொன்று, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கோணம் மாறி, கம்பிகள் மெட்டுகளை (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளை) விட்டு உயர்வது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. கோணத்துக்கு ஒரே வைத்தியம்தான்: மூட்டுக்குள் நீராவி செலுத்தி, வச்சிரத்தை இளக்கி, கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியை மயிரிழை சீவி மறுபடி பொருத்துவது. வச்சிரம் இளகும் என்பதால்தான் இது முடிகிறது. யாராவது எபாக்சிப் பசை பூசியிருந்தால் தலைவலி. செலவு பல நூறு டாலர். வாங்கும்முன் ஒரு நேர்சட்டத்தை மெட்டுகளின் மேல் வைத்துப் பாருங்கள். அதன் முனை, மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் குதிரை என்ற கட்டையின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். என் கிப்சனில் தொட்டது. அந்த வேலை முன்பே நடந்திருந்தது. மார்ட்டினில் முனை குதிரையின் நெற்றியில் இடித்தது.

வளைவு வேறு கதை. கழுத்துக்குள் திருகக்கூடிய இரும்புக் கம்பி வைக்கும் முறைக்குக் கிப்சன் 1923இலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. அந்தக் கால மார்ட்டினில் இருப்பது அசையாத எஃகுத் தண்டு. திருகும் கம்பி அங்கே வந்தது 1985இல். பழைய மார்ட்டின் வளைந்தால் மெட்டுகளைப் பிடுங்கித் தடித்த மெட்டுகளை அறைய வேண்டும், அல்லது விரல்பலகையைச் சீவ வேண்டும். அசல்தன்மை குறையும், விலையும் குறையும்.

மார்ட்டினை நான் வாசித்தது ஒரு மணி நேரம்தான். அதன் கழுத்து நேராகவே இருந்தது. இன்னும் எழுபது ஆண்டு அப்படியே நிற்கவும் கூடும். விற்கும்போது அதற்கே நல்ல விலை என்பதையும் மறுக்கவில்லை. கிப்சனில் வேறொரு சிக்கலும் உண்டு: அதன் விரல்பலகையும் குதிரையும் பிரேசில் ஈட்டி மரம். 1992 முதல் அந்த மரத்துக்குப் பன்னாட்டு வணிகத் தடை இருப்பதால், சென்னைக்குக் கொண்டுபோக நினைத்தால் முதலில் அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டும்.

போன ஜனவரியில் வெப்பமூட்டி ஓடி ஓடி வீடு வறண்டு, இரண்டாம் மெட்டில் கம்பி உறுமத் தொடங்கியது. தலைப்பகுதியில் மணிவடிவ மூடி, இரண்டு திருகுகள். கழற்றி, உள்ளேயிருந்த இரும்புக் கம்பியின் மரையைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். காபி ஆறுவதற்குள் உறுமல் நின்றுவிட்டது.