மரமா இரும்பா, முன்னாலா பின்னாலா: தீம் பார்க்கில் எந்த வரிசையில் நிற்பது?

தீம் பார்க்கின் வரைபடம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: இருப்பதிலேயே உயரமான ரோலர் கோஸ்டர் எங்கே? நானும் பல வருடம் அப்படித்தான் ஓடினேன். ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்று, ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடித் திறப்பதற்குள் "இறங்குங்க" என்று கம்பியைத் தூக்கிவிடுவார்கள். உயரமும் வேகமும் விளம்பரப் பலகைக்கு நல்லவை. வரிசையில் நிற்கப்போகிறவர் கேட்க வேண்டியது, இது என் உடம்பை என்ன செய்யும், எவ்வளவு நேரம் செய்யும் என்பதைத்தான்.

முதல் போட்டி மரத்தால் கட்டிய கோஸ்டருக்கும் இரும்பால் கட்டியதற்கும். 1959இல் அமெரிக்காவின் டிஸ்னிலாண்டில் மேட்டர்ஹார்ன் வந்தபோதுதான் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் முதன்முதலாக ரோலர் கோஸ்டருக்குள் நுழைந்தது. குழாயை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்கலாம், முறுக்கலாம். 1975இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் திருகாணி மாதிரி சுழன்ற கார்க்ஸ்க்ரூவும், அடுத்த ஆண்டே சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டனில் முழு வளையம் அடித்த ரெவல்யூஷனும் அதனால்தான் சாத்தியமாயின.

வளையம் அதற்கு முன்பே இல்லாமல் இல்லை. 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்று ஒன்று ஓடியது. அதன் வளையம் அச்சு அசலான வட்டம். முழு வேகத்தில் வரும் பெட்டி திடீரென்று வட்டத்துக்குள் ஏறும்போது உடம்பு இருக்கையில் நசுங்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும். இன்றைய வளையங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். வட்டமாக இருக்காது, தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி மாதிரி இருக்கும். வேகம் அதிகமுள்ள அடிப்பக்கத்தில் வளைவு அகலம், வேகம் குறையும் உச்சியில் குறுகல். அந்த ஒரு திருத்தத்தால்தான் தலைகீழாகப் போய்விட்டு வந்தும் சிரித்துக்கொண்டே இறங்குகிறோம்.

மரக் கோஸ்டர் வேறு ஜாதி. அது பொதுவாகத் தலைகீழாகக் கவிழ்க்காது. மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, மறுபடி அடுத்த மேட்டில் உங்களை இருக்கையிலிருந்து கிளப்பும். தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழும் அந்த அரை நொடிக்குத்தான் மர ரசிகர்கள் உயிரை விடுகிறார்கள். கூடவே தடதடவென்ற சத்தம், பெட்டி கடக்கும்போது லேசாக ஆடும் சட்டம், தலையில் இடித்துவிடுமோ என்று குனிய வைக்கும் குறுக்குக் கட்டைகள். ஆடுகிறதே என்று பயப்பட வேண்டாம், ஆடும்படிதான் கட்டியிருக்கிறார்கள். ஆடாமல் விறைத்து நிற்கிற மரம்தான் விரியும்.

தூக்கி எறிந்துவிடாதா என்று கேட்டால், இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். பெட்டியின் சக்கரங்கள் மூன்று இடங்களில் பிடித்திருக்கின்றன: தண்டவாளத்தின் மேலே, பக்கவாட்டில், அடியில். அடிச்சக்கர ஏற்பாட்டுக்குக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் காப்புரிமை வாங்கியது 1919இல். அதற்கு முந்தைய காலத்தைப் பார்க்க ஆசையிருந்தால் பென்சில்வேனியாவின் லேக்மாண்ட் பார்க்கில் 1902இல் கட்டிய லீப் தி டிப்ஸ் இருக்கிறது. அதற்கு அடிச்சக்கரமே கிடையாது, நல்லவேளையாக வேகமும் கிடையாது.

என் ஓட்டு மரத்துக்கு. அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பார்க்கில் 1979 முதல் ஓடும் தி பீஸ்ட் கிட்டத்தட்ட இரண்டேகால் கிலோமீட்டர் நீளம். ஏறி உட்கார்ந்தால் நான்கு நிமிடத்துக்கு மேல் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். நின்ற நேரத்துக்குக் கணக்கு நேராகிறது. ஆனால் முதுகு வலியோ கழுத்து வலியோ உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், பேசாமல் வழுக்கிக்கொண்டு போகும் எஃகுக்குப் போங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கும் வழி வந்துவிட்டது. சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சஸில் பழைய மரக் கோஸ்டரின் சட்டத்தை வைத்துக்கொண்டே எஃகுத் தண்டவாளத்தைப் பதித்து 2011இல் நியூ டெக்சஸ் ஜெயண்ட் என்று திறந்தார்கள். அதன் பிறகு இந்தக் கலப்பினம் பல பார்க்குகளில் முளைத்துவிட்டது. மரத்தின் துள்ளல், எஃகின் வழவழப்பு. கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

சரி, ஏறியாயிற்று. முன் வரிசையா, கடைசிப் பெட்டியா? முன்னால்தான் பயம் அதிகம் என்று நினைத்து அங்கே தனி வரிசையே கட்டி நிற்பார்கள். நடப்பது வேறு. மேலே இழுத்துவந்த சங்கிலி உச்சியில் விடும்போது ரயில் மெதுவாகத்தான் நகர்கிறது. முன் பெட்டி உச்சியைத் தாண்டி முனையில் எட்டிப் பார்த்தபடி தொங்கும், ஏனென்றால் பின்னால் உள்ள பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. ரயிலின் பாதி எடை மறுபக்கம் சாய்ந்த பிறகே வேகம் பிடிக்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ள அத்தனை பெட்டிகளும் கீழே இழுக்கின்றன. வாலைப் பிடித்துச் சுண்டின மாதிரி உச்சியைத் தாண்டுவோம். ஆக, முன்னால் உட்கார்ந்தால் கண்ணுக்கு, பின்னால் உட்கார்ந்தால் வயிற்றுக்கு. முதல் முறை முன்னால், அதே சவாரி பிடித்துப்போனால் இரண்டாவது முறை கடைசிப் பெட்டி என்பது என் வழக்கம். மயக்கம் வரும் ஆட்களுக்கு நடுப்பெட்டி.

சங்கிலியில் ஏறுவதா, பீரங்கிக் குண்டு மாதிரி பாய்வதா என்பதிலும் இதே வாதம்தான். சங்கிலி மேட்டில் கேட்கும் 'டக் டக் டக்', பெட்டி பின்னோக்கிச் சரியாமல் இருக்கப் பல் பல்லாகப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம். பாதுகாப்புக்காக வைத்த பொருளே பயத்தைக் கூட்டுவது வேடிக்கை. பாய்ச்சல் ரகத்தில் அபுதாபி ஃபெராரி வேர்ல்டின் ஃபார்முலா ரோசா ஐந்து நொடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொடும், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் ஏற்றமாட்டார்கள். நியூ ஜெர்சியின் கிங்டா கா 2005இல் வந்தது. 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர். சில சமயம் உந்துவிசை போதாமல் உச்சி வரை போய், தாண்ட முடியாமல் வந்த வழியே திரும்பி இறங்கும். அதைத் தாங்கத் தடத்திலேயே காந்த பிரேக்குகள் வைத்திருந்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதா பொறாமைப்படுவதா என்று தெரியாது, அவர்களுக்கு ஓர் ஓட்டம் கூடுதலாகக் கிடைக்கும். 2025இல் அதை இடித்தே விட்டார்கள். இருந்த காலத்திலும் பாய்ச்சல் தொடங்கி முடிய ஒரு நிமிடம் ஆகாது. எனக்கு டக் டக்தான்.

கோபுரத்திலிருந்து விழவைக்கும் சவாரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறுவீர்கள், விழுவீர்கள். ஒன்று மட்டும்: இந்த ரகத்தில் பலவற்றில் கீழே நிறுத்துவது நிரந்தரக் காந்தங்கள். உலோகத் தகடு காந்தத்தைக் கடக்கும்போது அதில் உண்டாகும் மின்சுழலே வேகத்தைக் குறைக்கிறது. கரண்ட் போனாலும் பிரேக் பிடிக்கும். மேலே தொங்கிக்கொண்டிருக்கும் அந்த நீண்ட விநாடிகளில் நினைத்துக்கொள்ள உதவும்.

நடுப்பகல் வெயிலில் நிற்க முடியாதபோது, இருட்டான கட்டடத்துக்குள் காட்சிகளைக் கடந்து போகும் இருட்டறைச் சவாரியா, திரையைப் பார்த்து ஆடும் சிமுலேட்டரா? கண்ணை மூடிக்கொண்டு இருட்டறை. டிஸ்னிலாண்டின் ஹாண்டட் மேன்ஷன் 1969இல் திறந்தது. அதில் இருக்கைகள் ஒரே சங்கிலித் தொடராக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், நடைமேடையும் கூடவே நகரும். ஒரு ரயிலை நிறுத்தி, இறக்கி, ஏற்றி, கம்பியைச் சரிபார்க்கும் வேலை இல்லாததால், நீளமான வரிசையும் ஊர்ந்துகொண்டே முன்னேறும். வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பின்வாங்காமல், அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை இதில்தான் கற்றுக்கொண்டேன். சிமுலேட்டரில் கண் "பறக்கிறோம்" என்கிறது, உள்காது "இல்லையே, நாற்காலிதான் ஆடுகிறது" என்கிறது. இருவரும் ஒத்துப்போகாதபோது வயிறு நடுவில் மாட்டிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு போகாதீர்கள்.

தண்ணீர்ச் சவாரி ஊருக்கே பிடிக்கும். எனக்கு ஈரச் செருப்போடு மிச்ச நாளெல்லாம் நடப்பது பிடிக்காது. போவதானால் கடைசியில்.

கூடுதல் காசு கொடுத்து முந்திப்போகும் சீட்டைவிட, வாசல் திறப்பதற்கு முன்பே வந்து நிற்பவர் அதிகம் பார்க்கிறார். காலையின் முதல் ஒரு மணி நேரத்தில் முடிவதை மதியம் முழுக்க நின்றாலும் முடிக்க முடியாது. தனியாள் வரிசை இருந்தால், ஒன்றாக வந்த கூட்டம் சில நிமிடம் பிரிந்து உட்காரச் சம்மதித்தாலே போதும், காசில்லாமல் காத்திருப்பு பாதியாவதும் உண்டு. ஆனால் எந்தப் பெட்டி என்று அதில் கேட்க முடியாது, காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

அதனால் கடைசிப் பெட்டிக்கான சவாரியை நான் இரவுக்கு ஒதுக்கிவைப்பேன். பகல் முழுக்க ஓடி மசகு இளகியிருக்கும், மரக் கோஸ்டர் காலையைவிட வேகமாகவே ஓடும். மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரிசைக்குள் நுழைந்துவிட்டால் பெரும்பாலான பார்க்குகளில் வெளியே அனுப்புவதில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, அடுத்த பள்ளம் எங்கே என்று தெரியாமல், ஆளில்லாத பெட்டிகள் முன்னால் தடதடக்க, பின்னால் நாம் மட்டும்.