மூணுசுழி தெரிகிற மானிட்டர் எது? 24 அங்குலமும் 27 அங்குலமும்

போன ஆவணியில் நான் வடிவமைத்துக் கொடுத்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'மணமக்கள்' என்பது 'மனமக்கள்' என்று அச்சாகிவிட்டது. ஐநூறு பிரதி. திரையில் மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன். மூன்று முறையும் கண்ணில் படவில்லை. பெண்ணின் அப்பா நல்ல மனிதர். "பரவால்ல விடும்மா, ஒரு சுழிதானே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்று என் மேசையில் இருந்தது 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பகலில் பச்சை இலை எடை, விவசாயிகள் பட்டுவாடா, ஜிஎஸ்டி. சாயங்காலம் அருவங்காட்டு வீட்டில் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை. இரண்டும் சேர்த்தால் நாளுக்குப் பத்து மணி நேரம் திரை முன்னால்தான். மூன்று வருடத்தில் மூன்று வகை மானிட்டரில் வேலை பார்த்துவிட்டேன்: 24 அங்குல ஃபுல் எச்டி, 27 அங்குல ஃபுல் எச்டி, அதைவிடப் புள்ளி அதிகமுள்ள 27 அங்குல க்யூஎச்டி. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இவற்றில் எது உதவும் என்று எழுதியவர்கள் குறைவு. விமர்சனங்களில் பாதி விளையாட்டு பற்றியே இருக்கிறது.

கடையில் நடப்பதை முதலில் சொல்கிறேன். கோயம்புத்தூர் கடையில் 24 கேட்டேன். கடைக்காரத் தம்பி, "அக்கா, 27 எடுத்துக்கோங்க. ரெண்டும் ஃபுல் எச்டிதானுங்க, ரெண்டாயிரம்தான் வித்தியாசம், எழுத்து பெருசா தெரியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எழுத்து பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் தெளிவு கூடவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஐநூறு பத்திரிகை தேவைப்பட்டது.

ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. திரை 24 ஆனாலும் 27 ஆனாலும் எண்ணிக்கை இதுவேதான். ஒரு எழுத்தை வரைய எத்தனை புள்ளி கிடைக்கும் என்பதும் மாறாது, புள்ளியின் அளவு மட்டும்தான் மாறும். 24 என்று விற்பது பெரும்பாலும் 23.8 அங்குலம். அதில் ஒரு புள்ளி சுமார் 0.27 மில்லிமீட்டர். 27 அங்குலத்தில் அதே புள்ளி 0.31. க்யூஎச்டி என்கிற 2560-க்கு 1440 திரையில், 27 அங்குலத்திலேயே, 0.23. நல்ல கண், 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கும். ஆகவே இந்த மூன்றிலுமே புள்ளி கண்ணுக்கு எட்டும். எந்த அளவுக்கு உறுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆங்கில எழுத்துக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. கோடும் வளைவும் குறைவு, நடுவில் இடம் நிறைய. நம் ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். 11 பாயிண்டில், பெரிதாக்காத திரையில், எழுத்தின் மொத்த உயரத்துக்கே 15 புள்ளிக்குள்தான் கிடைக்கிறது. அந்த இடத்துக்குள் மூன்று சுழி, அவற்றுக்கு நடுவே வெள்ளை, கடைசியில் கால். சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை சாம்பல் நிறத்தில் கரைந்துவிடுகிறது. 27 ஃபுல் எச்டியில் அந்தச் சாம்பல் கட்டம் கட்டமாகத் தெரியும். ன-வும் ண-வும் அகலத்தில் மட்டுமே வேறுபடுகிற இரண்டு கருப்புத் திட்டுகளாக நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் மோசம். ஞ் மேலே இருப்பது புள்ளியா, மேல்வரியிலிருந்து தொங்கும் கொக்கியா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

எனவே மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: கடையில் ஓடுகிற அருவி வீடியோவைப் பார்க்காதீர்கள். நோட்பேடைத் திறக்கச் சொல்லி, நிர்மலா யுஐ எழுத்துருவில் 11 பாயிண்ட் வைத்து, 'பண்ணை, பனை, கண்ணன், மன்னன், அஞ்ஞானம்' என்று தட்டுங்கள். கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து சுழியை எண்ணுங்கள். எண்ண முடிந்தால் அதன் பிறகு விலை கேளுங்கள்.

பென்க்யூ ஜிடபிள்யூ2480-ஐயும் ஜிடபிள்யூ2780-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் கடையில் இதைச் செய்து பார்ப்பது எளிது. இரண்டும் ஒரே குடும்பம், ஐபிஎஸ் என்கிற வகைப் பேனல் (திரைப் பலகை), ஃபுல் எச்டி. அளவு மட்டும்தான் வேறு. எழுத்து வேலைக்கு நான் 2480 பக்கம் கை நீட்டுவேன். சினிமா பார்க்க, தள்ளி உட்கார்ந்து பாடம் கேட்க, 2780 நல்லதுதான்.

24-க்கு இன்னொரு அழகும் உண்டு. அதன் திரை உயரம் 29.6 சென்டிமீட்டர், ஏ4 தாளின் உயரம் 29.7. ஒரு தாளைத் திரையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், கோடு போட்டாற்போல் ஒட்டி நின்றது. அகலம் 52.7, அதில் ஏ4 இரண்டு பக்கம் வைத்தாலும் பத்து சென்டிமீட்டர் மிச்சம். ஆனால் மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போக, அசல் அளவில் முழுத் தாள் ஒருபோதும் தெரியாது, நாலு விரல் அளவு வெட்டுப்படும். 27-ல் உயரம் 33.6. மெனுவும் இருக்கும், தாளும் முழுசாக இருக்கும். டிடிபி செய்கிறவர்கள் 27-க்கு ஆசைப்படுவதன் காரணம் இதுதான், அந்த ஆசையில் தவறில்லை. 27 வாங்குவதானால் க்யூஎச்டியாக வாங்குங்கள் என்பதுதான் என் வாதம்.

க்யூஎச்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. வாங்கி வந்து அப்படியே மாட்டினால் எழுத்து 24-ல் இருந்ததைவிடச் சிறிதாகிவிடும். நாற்பத்தைந்து தாண்டிய கண்ணுக்கு இது தலைவலி, எனக்கு முதல் வாரம் நிஜமாகவே தலை வலித்தது. விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அமைப்பை) 125 சதவீதம் வைத்த பிறகுதான் அந்தத் திரையின் அருமை தெரிந்தது. அதே 11 பாயிண்ட் எழுத்துக்கு 15-க்குப் பதிலாக 18 புள்ளி கிடைக்கிறது. ண-வின் மூன்று சுழிக்குள்ளும் வெள்ளை தெரிகிறது. முதல் நாள் பட்டுவாடாப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, வருடக்கணக்காக நான் வரிசை எண்ணை வைத்தே அடையாளம் கண்டுவந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-ஐ இன்னும் விடாதவர்கள் நம் ஊர்களில் நிறைய. 125-ல் அது மங்கலாகத் தெரியும், ஏனென்றால் விண்டோஸ் அதைப் படமாக இழுத்துப் பெரிதாக்குகிறது. ஐகானில் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், காம்பேட்டிபிலிட்டி, அதற்குள் ஹை டிபிஐ அமைப்பைத் திறந்து மாற்றினால் கூர்மை திரும்பும், ஆனால் மெனு எழுத்து பொடியாகிவிடும். பேஜ்மேக்கரிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு 24 ஃபுல் எச்டிதான் நிம்மதி.

க்யூஎச்டியைவிடவும் புள்ளி அதிகமுள்ள 4கே பற்றிக் கேட்பார்கள். 27 அங்குல 4கேயில் புள்ளி 0.16 மில்லிமீட்டர். கண்ணுக்கு எட்டாத அளவு அது ஒன்றுதான். கையில் பணமும் புதுக் கணினியும் இருந்தால் வாங்குங்கள், எங்கள் அலுவலகக் கணினி அதை இழுக்காது.

விஏ என்கிற இன்னொரு வகைப் பேனல் போட்ட வளைந்த மானிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் பையன் அதற்காகத்தான் அடம் பிடித்தான். பத்திரிகையைக் கெடுத்த அந்த 27 அதுவேதான். விஏ-யில் கருப்பு உண்மையாகவே கருப்பு. ஐபிஎஸ்-ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பொதுவாக 1000-க்கு 1 என்றால் விஏ-யில் 3000-க்கு 1. ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்த்தால் ஐபிஎஸ்-ஸின் மூலைகளில் வெளிறிய ஒளி கசியும், விஏ-யில் கசியாது. அவன் சொன்னது சரிதான். ஆனால் கருப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டினால் பின்னால் இழுவிக்கொண்டு வரும். பத்திரிகை ஓரத்துக்கு நான் போடும் நேர்கோடு வில்லாக வளைந்து தெரியும், கோணலா நேரா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அது அவன் அறையில் இருக்கிறது, அவனுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

இனி மலைக்கென்று உள்ள கணக்கு. சமவெளியில் எழுதப்படும் விமர்சனங்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

கீழேயிருந்து பெட்டி வரும் வழியிலேயே சோதனை தொடங்குகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. இணையத்தில் நான் வாங்கிய முதல் 27 ஓரத்தில் முடிபோல் ஒரு விரிசலோடு வந்து சேர்ந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி எங்கள் பின்கோடுக்கு இல்லை என்றார்கள். பணம் திரும்ப வர ஒன்றரை மாதம் போன் செய்தேன். வாங்குவதற்கு முன்பே, வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆடி மாதக் குளிரில் வந்த பெட்டியை உடனே பிரித்துச் சுவிட்ச் போடவும் வேண்டாம். அறைச் சூட்டில் கண்ணாடிமேல் ஈரம் கோத்துக்கொள்ளும். அரை நாள் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது மின்சாரம். காற்று மழையில் மரம் கம்பிமேல் விழுந்தால் இரண்டு நாள்கூட இருட்டுதான். வோல்டேஜ் குறைவுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலான மானிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. போன கரண்ட் திரும்பி வரும்போது அடிக்கிற உதைதான் ஆபத்து. அதற்கு யுபிஎஸ் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். என் 24 சுமார் 18 வாட் இழுக்கிறது, அலுவலக 27 க்யூஎச்டி 30-ஐ ஒட்டி. லேப்டாப்பை அதன் பேட்டரியிலேயே விட்டு, 600 வோல்ட்-ஆம்பியர் யுபிஎஸ்-ஸில் 24-ஐ மட்டும் போட்டால் ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்துவிடுகிறேன். வீட்டில் 24 வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலரும் பார்க்காத ஒன்று பவர் அடாப்டர். சில மாடல்களில் மின்சாரப் பகுதி உள்ளேயே இருக்கும், சிலவற்றில் லேப்டாப் போல வெளியே தனி அடாப்டர். பார்க்க உள்ளே இருப்பதுதான் சுத்தம். ஆனால் அது போனால் மொத்த மானிட்டரையும் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டும். வெளி அடாப்டர் என்றால் அதே வோல்ட், அதே ஆம்பியரில் இன்னொன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. மலையில் இருக்கிறவர்களுக்கு நான் வெளி அடாப்டரைத்தான் சொல்வேன்.

அந்த அடாப்டரைத் திருப்பியும் பாருங்கள். சிலவற்றில் முக்கோணத்துக்குள் மலை வரைந்து 2000 மீட்டர் என்று போட்டிருக்கும். அந்த உயரத்துக்குக் கீழேதான் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் மின்சாரத்தைத் தடுக்கும் அதன் சக்தி குறைகிறது, உள்ளே விடப்பட்டிருக்கும் இடைவெளி போதாமல் போகலாம். குன்னூர் சுமார் 1850 மீட்டர், பிரச்சினை இல்லை. ஊட்டி 2240. ஊட்டிக்காரர்கள் மாடலின் கையேட்டில் இயங்கும் உயரம் 3000 அல்லது 5000 மீட்டர் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

திரை வெளிச்சத்துக்கு 250 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். மஞ்சு இறங்கிய நாளில் அதையும் குறைத்துத்தான் வைக்கிறேன். மஞ்சு விலகி ஜன்னல் வழியாக வெயில் நேராக அடிக்கும்போது 350 நிட்ஸும் போதாது, மேசையைத் திருப்பிப் போடுவதுதான் வழி. உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரை நம்பி எதையும் வாங்காதீர்கள், தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது.

ஸ்டாண்டுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. டெல் பி2422எச் போன்றவற்றின் ஸ்டாண்ட் 15 சென்டிமீட்டர் ஏறி இறங்கும், நெட்டாகவும் திரும்பும். விஜிஏ துளையும் இருப்பதால் பழைய கணினியோடும் சேரும். வெறுமனே முன்னும் பின்னும் சாயும் ஸ்டாண்டுக்கு அடியில் பழைய பேரேடுகளை அடுக்கி இரண்டு வருடம் ஓட்டினேன், கழுத்து வலி போகவில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பார்கள். தூரமும் கிட்டமும் சேர்ந்த கண்ணாடி போட்டவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நாள் முழுக்க முகவாயைத் தூக்கியபடி இருப்பீர்கள்.

விலை. என் 24 ஐபிஎஸ், ஏறி இறங்கும் ஸ்டாண்டோடு, 13,500 ரூபாய். அலுவலக 27 க்யூஎச்டி 21,000. மானிட்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லிப் பில் வாங்கியதால் 3,203 ரூபாய் உள்ளீட்டு வரியாகத் திரும்பியது, ஆக நிகரம் 17,797. வீட்டுக்கு வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. விலை கூடின திரை அலுவலகத்தில், குறைந்தது வீட்டில் என்று நான் பிரித்ததற்கு இந்தக் கணக்கும் உதவியது. முதலாளியிடம் ஒப்புதல் கேட்கப் போனபோது 'பண்ணை, பனை' என்று இரண்டு திரையிலும் தட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல பேரு படிக்க முடியுதும்மா" என்று க்யூஎச்டியைக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் எடைபோடுகிற அறைக்கும் ஒன்று ஆர்டர் போடச் சொன்னார். அங்கே ஈரமும் இலைத் தூசும் அதிகம், தள்ளி நின்று எடையைப் பார்த்தால் போதும். அதற்கு 24-தான் எழுதிக் கொடுத்தேன், வெளி அடாப்டர் உள்ளதாக.